ஆமைக் காருக்கு டிஸ்க் பிரேக்

சுடலைமணி அரசுப் பேருந்தில் இருபத்தொன்பது வருடம் ஓட்டுநராக இருந்தவர். அதில் பாதிக்கு மேல் செங்கோட்டையிலிருந்து மலையேறிக் கேரளத்துக்குள் இறங்கும் தடம். அந்தப் பேருந்துகளில் எஞ்சின் ஓட்டுநருக்கு இடப்பக்கத்திலேயே, ஒரு தகர மூடிக்குள் கொதித்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் அந்தச் சூடு காக்கிப் பேண்டைத் தாண்டித் தொடைக்கு வரும். ஓய்வுபெற்ற அன்று, நண்பர்கள் போட்டுவிட்ட மாலையைக் கழற்றிக் கதவில் தொங்கவிட்டுக்கொண்டே மனைவி சங்கரேஸ்வரியிடம் சொன்னார்: "இனி எந்தக் காலத்துலயும் எஞ்சின் பக்கத்துல உக்கார மாட்டேன்ட்டி."

அதனால்தான் அந்தக் கார் அவரை இழுத்திருக்க வேண்டும். மேலகரத்தில் ஒரு வயதான டாக்டர் வீட்டுக் கொட்டகையில் பல வருடமாக நின்ற ஆமைக் கார். ஜெர்மன்காரன் செய்தது, அறுபதுகளின் நடுவில் வந்தது. முன்னால் எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் துணிப்பெட்டி வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் பின்னால் இருந்தது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். தினமும் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு அது நம்பமுடியாத சுகமாகத் தெரிந்தது. டாக்டரின் பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை. "ஓட்டத் தெரிஞ்ச ஆள் கைக்குப் போகட்டும்" என்று அவர் கொடுத்துவிட்டார்.

சுடலைமணிக்கு ஓட்டத் தெரியும் என்பதில் தென்காசியில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. விபத்தே செய்யாத ஓட்டுநர் என்று துறையில் கொடுத்த சான்றிதழ் வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. புதிதாக யார் வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் பேச்சு எப்படியோ அந்தச் சட்டத்துக்கு வந்து சேரும். சங்கரேஸ்வரி தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அந்தப் பேச்சு தொடங்கும்போது அவள் காப்பி போட எழுந்துபோய்விடுவாள்.

போன வருடம் ஆடி மாதம் சீசன் நன்றாக இருந்தது. மதுரையிலிருந்து வந்த கொழுந்தியாள் குடும்பத்தை ஐந்தருவியில் இறக்கிவிட்டு, சுடலைமணி மட்டும் காரில் திரும்பினார். மேலே நல்ல மழை. ரோட்டின் குறுக்கே ஓரிடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. அதைத் தாண்டி இறக்கத்தில் வந்தார். ஒரு வளைவு, அதற்கப்புறம் வரிசையாகப் பழக்கடைகள். தலையில் எண்ணெயும் தோளில் ஈரத்துண்டுமாக ஒரு குடும்பம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. சுடலைமணி பிரேக்கை மிதித்தார்.

கால் கல்லின் மேல் பட்டதுபோல நின்றது. வண்டி நிற்கவில்லை.

அவர் மறுபடி மிதித்தார். அதே கல். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். சுடலைமணி ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்து, கைபிரேக்கை முழு பலத்தோடு மேலே தூக்கினார். கார் ஒரு பழக்கடையின் பலகையில் மூக்கை இடித்து நின்றது. கூடை சரிந்து ரம்புட்டான் பழங்கள் மழைத்தண்ணீரோடு ரோட்டில் உருண்டு போயின.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இழுக்கப்பட்ட குழந்தை மட்டும் அம்மாவின் பிடி வலித்து அழுதது. கடைக்காரப் பெண்மணி தங்கபுஷ்பம் முதலில் கத்தினாள். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி எழுந்திருக்காமல் இருந்த சுடலைமணியின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிவிட்டாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா? சோடா குடிக்கியளா?"

பின்னால் வந்த ஆட்டோக்காரர் பாண்டிராஜ் இறங்கி வந்தார். பழைய ஸ்டாண்டு பக்கம் வண்டி போடுகிறவர். சுடலைமணியைப் பேருந்துக் காலத்திலிருந்தே தெரியும்.

"என்ன அண்ணாச்சி ஆச்சு?"

"பிரேக் பிடிக்கலப்பா. மிதிச்சேன், பிடிக்கல."

பாண்டிராஜ் காரின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் உங்க பின்னாலதான் வந்தேன். பிரேக் லைட்டு எரியவே இல்லியே. நீங்க மிதிக்கலன்னுல்லா நெனைச்சேன்."

"மிதிச்சேன்."

"இப்ப மிதிங்க, பாப்போம்."

சுடலைமணி குனிந்து பார்த்து மிதித்தார்.

"இப்ப எரியுது" என்றார் பாண்டிராஜ்.

அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் எல்லாக் குழப்பமும் ஆரம்பித்தது. விளக்கு எரிகிறதென்றால் பல்பு நன்றாக இருக்கிறது. பல்பு நன்றாக இருந்தும் அப்போது எரியவில்லையென்றால், அவர் மிதிக்கவில்லை. ஆனால் அவர் மிதித்தார். உள்ளங்காலில் அந்தக் கல் போன்ற கெட்டி இன்னும் இருந்தது. மிதிக்காத கால் எப்படி மிதித்ததாக நினைக்கும்? வீடு வந்து சேரும்வரை அவர் இதையே சுற்றிச் சுற்றி வந்தார். சங்கரேஸ்வரியிடம், "சக்கரத்து டிரம்முக்குள்ள தண்ணி போயிட்டு, பிரேக் வழுக்கிட்டு" என்று மட்டும் சொன்னார். பாண்டிராஜ் சொன்னதைச் சொல்லவில்லை.

மறுநாளே முஃபீதிடம் போனார். முஃபீத் குற்றாலம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தார். நாற்பத்து மூன்று வயது. லாரி, வேன் பிரேக் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் தேடி வருவார்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தண்ணிக்குள்ள விட்டு எடுத்தா எந்த டிரம் பிரேக்கும் அப்படித்தான் அண்ணாச்சி. உள்ள ஈரம் நிக்கும், பிடிக்காது. பெடலு கெட்டியா இருக்கும், வண்டி நிக்காது. முன்னால ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுருவோம். டிஸ்க் வெளியில திறந்துதான் கிடக்கும், தண்ணி பட்டாலும் வழிச்சு எறிஞ்சிரும்."

"அப்ப வண்டிதான் காரணம்?"

"வேற என்ன?"

"நான் காரணமா இருக்க முடியாதாப்பா?"

முஃபீத் சிரித்துவிட்டார். "நீங்களா? யாருகிட்ட பேசுதோம்னு எனக்குத் தெரியாதா?"

சுடலைமணிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாரம் முன்சக்கர டிரம்மைக் கழற்றியபோது மீதி உயிரும் வந்தது. இடதுபக்கச் சக்கரத்தில் சீல் போய், கிரீஸ் உள்ளே கசிந்து, பிரேக் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. சுடலைமணி அதைப் போனில் நான்கு படம் எடுத்தார். வீட்டில் காட்டினார். பக்கத்து வீட்டில் காட்டினார். ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் பாண்டிராஜிடம் காட்டினார். "இதுல எப்படிப் பிடிக்கும், சொல்லு" என்றார். பாண்டிராஜும், "பிடிக்காதுதான் அண்ணாச்சி" என்றார். விளக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை.

டிஸ்க், காலிப்பர், புது மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து ஒரே பெட்டியில் வந்தன. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. காலிப்பர் அதை இரண்டு பக்கமும் பற்றி நிறுத்தும் பிடி. மாஸ்டர் சிலிண்டர் பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குத் தள்ளும் உருளை. பெட்டிக்குள் ஒரு தாளில் படம் போட்டிருந்தது. இரண்டு காலிப்பரிலும் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் இருந்தது. முஃபீத் படத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாளில் மாட்டிமுடித்தார். பளபளப்பான தட்டுகள் சக்கரத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தன. சுடலைமணி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தார்.

பெடல் ஊறவைத்த அவல் மாதிரி தரைக்குப் போனது.

"ஏர் இருக்கு" என்றார் முஃபீத். "பைப்புக்குள்ள காத்து நிக்கி. எடுத்தாச் சரியாயிரும்."

சுடலைமணிக்கு இது பிடிபடவில்லை. "காத்து இருந்தாத்தானே பிரேக் பிடிக்கும்?"

"அது பஸ்ஸுக்கு. பஸ்ஸு ஏர் பிரேக். இது ஆயில் பிரேக். ஆயிலுக்குள்ள காத்து இருந்தா, நீங்க மிதிக்கிறது காத்த அமுக்கத்தான் போதும், சக்கரத்துக்குப் போகாது."

"எஞ்சினுக்குக் காத்து வேணும், பிரேக்குக்குக் காத்து ஆகாது."

"ஆமா."

"பஸ்ஸுல எஞ்சினுக்குத் தண்ணி வேணும், பிரேக்குக்குக் காத்து வேணும்."

"ஆமா அண்ணாச்சி. இப்ப மிதிங்க."

எட்டு நாள் மிதித்தார். காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் சின்ன நிப்பிளில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய்ப் பாட்டிலுக்குள் விட்டுக்கொண்டு முஃபீத் சக்கரத்துக்கு அருகே குந்துவார். "மிதிங்க", "பிடிங்க", "விடுங்க" என்று குரல் கொடுப்பார். குழாயில் சுத்தமான எண்ணெய்தான் வந்தது, ஒரு குமிழிகூட இல்லை. பெடல் மட்டும் மாறவில்லை. கோயம்புத்தூருக்குப் போன் செய்தால் அங்கிருந்தவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் சொன்னார். மாஸ்டர் சிலிண்டரை இறக்கி ஏற்றினார்கள். பைப்பை மாற்றினார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருடமும் முன்சக்கர அச்சில் அடித்திருக்கும் வருடமும் வேறு என்று ஒரு நாள் கண்டுபிடித்து, அதனால் இருக்குமோ என்று அரைநாள் கழித்தார்கள். அதனாலும் இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல். முஃபீத் உட்கார்ந்து மிதித்தால், "பாதிக்கு மேல போய் ஒரு இடத்துல தட்டுது" என்பார். சுடலைமணி மிதித்தால் அப்படி எந்த இடமும் தெரியாது. "முழுசா இறங்குதுப்பா" என்பார்.

"இல்லியே, ஒரு இடத்துல நிக்கே. உங்களுக்குத் தெரியலியா?"

"இல்ல."

ஒரே பெடல் இரண்டு பேர் காலுக்கு இரண்டு விதமாக இருந்தது. சுடலைமணி முஃபீதின் காலையும் தன் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முஃபீதுக்குச் சின்ன வயது, நமக்கு மலை ரோட்டில் தேய்ந்த கால் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வேலை முடிந்து திரும்பும் வழியில் சங்கரேஸ்வரி ஸ்கூட்டரைப் பட்டறை வாசலில் நிறுத்தினாள். காலையில் இட்லியோடு போன மனிதரைக் காணோம் என்று வந்தவள். முஃபீத் மண்ணில் ஏறக்குறையப் படுத்திருந்தார். அவள் அந்தக் குழாயையும் பாட்டிலையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது என்ன முஃபீத், டிரிப் ஏத்துத மாதிரி இருக்கு."

"காத்து எடுக்கோம் மதினி. வர மாட்டேங்கு."

"காத்து எடுக்கதுக்குக் குழாய எதுக்கு அடியில மாட்டியிருக்க?"

"நிப்பிளு அங்கனதான இருக்கு."

"நாங்க டிரிப் குழாய்ல காத்து இருந்தா சுண்டிச் சுண்டி மேலதான் ஏத்தி விடுவோம். காத்து மேலல்லா நிக்கும். அடியில எடுத்தா மருந்துதான் வரும், காத்து எப்படி வரும்?"

முஃபீத் எழுந்து பெட்டியிலிருந்த தாளை எடுத்து வந்தார். நேராகப் பிடித்துப் பார்த்தார், கார் முன்னால் போய் நின்று பார்த்தார், பிறகு காருக்குள் உட்கார்ந்து பார்த்தார். படம் காருக்கு முன்னால் நிற்கிற ஆளின் பார்வையில் போட்டிருந்தது. அவர் அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பதாக எடுத்துக்கொண்டு, இடதுபக்கக் காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார். அப்படி மாட்டினாலும் அது சரியாகப் பொருந்தும், தலைகீழாக இருக்கும். மேலே இருக்கவேண்டிய நிப்பிள் அடிக்குப் போய்விடும்.

"அல்லாவே!" என்று தலையில் கைவைத்துச் சிரித்தார். "எட்டு நாளு மதினி! எட்டு நாளு!"

மாற்றி மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குழாயை மேலே மாட்டியதும் குமிழி குமிழியாகக் கொப்பளித்து வந்தது. பெடல் கெட்டியானது. சுடலைமணி சந்தோஷத்தில் கதவைத் திறந்து இறங்கி, பட்டறையின் குறுக்கே நடந்து மனைவியிடம் வந்தார். "பாத்தியாட்டி? வண்டிதான்! ஆரம்பத்துல இருந்து வண்டிதான்!"

சங்கரேஸ்வரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "வலது கால் செருப்பு எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு காருக்குள் பெடல் அருகே கிடந்தது. இரும்புத்தூளும் ஜல்லியும் கிடந்த தரையில் பத்தடி நடந்து வந்திருந்தார். அவள் அவரை ஒரு பழைய டயர்மேல் உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு இரும்புச் சுருள் குத்தி நின்றது, இரத்தம் மணி மாதிரி கட்டியிருந்தது.

"வலிக்கலியா?"

"ஒண்ணும் தெரியலியே. சந்தோசத்துல கவனிச்சிருக்க மாட்டேன்."

அவள் அதைப் பிடுங்கிவிட்டு, பையிலிருந்து பஞ்சு எடுத்துத் துடைத்தாள். அவருக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்பார். ஒழுங்காகப் போடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். "ஞாயித்துக்கிழமை லீவு. அன்னைக்கு உங்க கால நான் பாக்கணும். அதுவரைக்கும் ஷூ போடாம எங்கயும் போகக்கூடாது" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, டியூட்டி காலத்துப் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு சுடலைமணி காரை ஓட்டிப் பார்க்கப் போனார். முஃபீத் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆயிரப்பேரி போகும் ரோடு, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, கூட்டம் கிடையாது.

"டிஸ்க் பிரேக்குக்குப் பெடலு கொஞ்சம் கெட்டியா இருக்கும். பயந்துராதிய, நல்லா அழுத்தி மிதிங்க" என்றார் முஃபீத்.

முதல் இரண்டு தடவை வண்டி அழகாக நின்றது. சுடலைமணி மூன்றாவது கியரில் கொஞ்சம் வேகம் எடுத்தார். தோப்புக்குள்ளிருந்து தேங்காய் ஏற்றிய ஒரு டிராக்டர் பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது.

"பிரேக்கு" என்றார் முஃபீத்.

சுடலைமணி மிதித்தார். கெட்டியாக இருந்தது. சொன்ன மாதிரியே.

"அண்ணாச்சி, பிரேக்கு!"

"மிதிக்கேம்ப்பா!"

"மிதிங்க! மிதிங்க!"

"மிதிச்சுட்டுத்தான இருக்கேன்!"

முஃபீத் நடுவிலிருந்த கைபிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். காரின் பின்பாகம் லேசாகத் திரும்பி, டிராக்டர் பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. டிராக்டர்க்காரர் ஒன்றும் கவனிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

முஃபீத் குனிந்து பார்த்தார். சுடலைமணியின் வலது ஷூ கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவே, தரைவிரிப்பின் மேல் இருந்தது. இன்னும் முழு பலத்தோடு தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி. கால எடுங்க."

"எடுத்தா வண்டி உருளும்லா."

"உருளாது. உங்க கால் பிரேக்குல இல்ல."

சுடலைமணி குனிந்து பார்த்தார். யாரோ கழற்றிப்போட்ட ஷூவைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். கண்ணால் பார்க்கும்போதுகூட, பெடலைத்தான் மிதித்துக்கொண்டிருப்பதாகவே கால் சொன்னது.

"ஷூ தடிச்சதா இருக்கு" என்றார்.

"இருக்கலாம்" என்றார் முஃபீத்.

திரும்பும்போது முஃபீத் ஓட்டினார். வேண்டுமென்றே இரண்டு இடத்தில் பிரேக் போட்டார். இரண்டு தடவையும் கார் நேராக, கச்சிதமாக நின்றது. சுடலைமணி வழியெல்லாம் முஃபீதின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்து முடித்தவுடன் சங்கரேஸ்வரி அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கால் இரண்டையும் ஒரு முக்காலிமேல் நீட்டச் சொன்னாள். மருத்துவமனையிலிருந்து ஒரு குச்சி கொண்டுவந்திருந்தாள். அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நைலான் நூல்.

"கண்ண மூடுங்க. நான் தொட்டா, தொட்டேன்னு சொல்லணும். தொடலன்னா சும்மா இருக்கணும்."

இடது காலில் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். வலது காலுக்கு வந்ததும் நெடுநேரம் அமைதியாக இருந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலியா?"

அவள் அதற்குள் ஆறு இடத்தில் தொட்டிருந்தாள். குச்சியை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

"ஆங், இப்ப தொட்ட" என்றார் அவர். "கட்டைவிரல்ல."

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் குச்சியை மடியில் வைத்திருந்தாள்.

"ஏமாத்துதியா?"

"நான் எதுக்கு ஏமாத்துதேன்?"

அப்போதுதான் அவர் பாண்டிராஜ் சொன்னதைச் சொன்னார். டிராக்டரையும் சொன்னார். சொல்லிமுடித்து, "அப்ப அன்னைக்கு ஐந்தருவி ரோட்டுலயும் என் கால் தரையிலதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்லியே."

"உன்னத்தான் கேக்க முடியும். என் காலைக் கேட்டா அது பொய் சொல்லுதே."

அவள் அந்தக் காலைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டாள். அவருக்கு அது தெரிந்ததா என்று அவள் கேட்கவில்லை.

சங்கரேஸ்வரி அழைத்துப்போன மருத்துவர் நிறையப் பேசவில்லை. சர்க்கரையில் நரம்பு பழுதாகியிருக்கிறது, இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போன உணர்ச்சி திரும்பும் என்று சொல்ல முடியாது, வண்டி ஓட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சுடலைமணி, எழுந்து கதவுவரை போய்விட்டுத் திரும்பினார்.

"எப்ப இருந்து சார் இப்படி இருந்திருக்கும்?"

"அதைச் சொல்ல முடியாதே. மெதுவாத்தான் வரும். ஒரு வருஷம் இருக்கலாம், மூணு வருஷம் இருக்கலாம்."

அவர் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் கணக்கு அவரை விடவில்லை. ஒரு வருடம் என்றால் பிரச்சினை இல்லை. மூன்று வருடம் என்றால், கடைசி வருடம் முழுக்க அறுபது பேரை ஏற்றிக்கொண்டு அந்த மலை வளைவுகளில் அவரை இறக்கியது எது? பேருந்தின் பெடல் அகலமானது, தேடாமலே கால் விழும், அதுவாக இருக்கலாம். அல்லது அப்போது கால் நன்றாகவே இருந்திருக்கலாம். கடைசி வருடத்தில் ஏதாவது ஒரு இடத்தில் பிரேக் தாமதமாகப் பிடித்ததா என்று நாள் நாளாக நினைத்துப் பார்த்தார். சில நாள் ஒன்றும் நினைவுக்கு வராது. சில நாள் ஒவ்வொரு வளைவிலும் தாமதமானதுபோலத் தோன்றும்.

ஒரு நாள் காலை பேருந்தில் ஏறி, குற்றாலத்தில் இறங்கி, தங்கபுஷ்பத்தின் கடைக்குப் போனார். சீசன் முடிந்து அருவியில் தண்ணீர் குறைந்திருந்தது. அவள் கொய்யாவும் சீத்தாப்பழமும் வைத்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் வரும்போது வண்டி வேகம் குறைஞ்சுச்சா, குறையலியா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்.

அவள் யோசித்தாள். "கைபிரேக்கு சத்தம் கேக்கதுக்கு முன்னயே கொஞ்சம் குறைஞ்ச மாதிரித்தான் இருந்துச்சு அண்ணாச்சி."

"நெசமாவா? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலியே?"

"உங்களச் சமாதானப்படுத்தி எனக்கு என்ன ஆகப்போகுது? ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். நான் அந்தப் பச்சப்புள்ளயல்லா பாத்துக்கிட்டு இருந்தேன்."

அங்கிருந்து முஃபீதின் பட்டறைக்கு வந்தார். பழைய மாஸ்டர் சிலிண்டர் இன்னும் பழைய இரும்புப் பெட்டியில் கிடந்தது. அதன் முனையில்தான் பிரேக் விளக்குக்கான சுவிட்ச் இருந்தது. முஃபீத் அதைக் கழற்றி, பேட்டரியும் பல்பும் இணைத்து அழுத்திக் காட்டினார். முதல் தடவை எரிந்தது. இரண்டாவது எரியவில்லை. மூன்றாவது எரிந்தது. நான்காவது எரியவில்லை.

"அப்ப என்ன அர்த்தம்?" என்று கேட்டார் சுடலைமணி.

முஃபீத் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைட்டு எரியலங்கதுக்காக நீங்க மிதிக்கலன்னு சொல்ல முடியாது. மிதிச்சியன்னும் சொல்ல முடியாது. டிரம்மும் கெட்டுப்போய்த்தான் கிடந்துச்சு. அண்ணாச்சி, இதுக்கு மேல தோண்டுனா எனக்கும் தலை சுத்தும். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அத வச்சுக்கிடுங்க."

சுடலைமணி வீட்டுக்கு வந்து, முன்னறையில் அந்தச் சட்டத்துக்கு முன்னால் நின்றார். அதைக் கழற்றிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார். "அதுல எழுதியிருக்கது பொய்யா?" என்று அவள் கேட்டாள். பொய் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த யாரிடமும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கார் ஐப்பசி முழுக்க வீட்டு முன்னால் தார்ப்பாயின் கீழ் நின்றது. விற்றுவிடலாம் என்றார் சுடலைமணி. கார்த்திகை பிறந்ததும் சங்கரேஸ்வரி அவரிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஐம்பத்தைந்து வயதில். பயிற்சி வண்டி வீட்டைக் கடந்து போகும்போதுதான் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு அவர் வாசலுக்கு ஓடிவந்தார். ஆனால் ஓட்டச் சொல்லிக்கொடுக்க அவரை அவள் அனுமதிக்கவில்லை. "நீங்க பஸ்ஸு ஓட்டச் சொல்லிக்குடுப்பிய. எனக்குக் காரு போதும்" என்றாள். மாசியில் லைசென்ஸ் வந்தது.

சித்திரையில் வடகரையில் அவள் தம்பியின் புது வீட்டுப் பால்காய்ச்சு. இரண்டு பேரும் ஆமைக் காரில் புறப்பட்டார்கள். சுடலைமணி இடதுபக்கம் உட்கார்ந்தார். அந்த இருக்கையில் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் முழங்காலில் வைத்தார், பிறகு கதவில் வைத்தார். இலஞ்சி தாண்டியதும் ஒரு ஆட்டுமந்தை ரோட்டில் ஏறியது. சங்கரேஸ்வரி பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது.

"எப்படி இருக்கு பிரேக்கு?" என்று கேட்டாள்.

"என்னையா கேக்க?"

"வேற யாரக் கேக்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கார் நின்றபோது உடம்பு முன்னால் போய்த் திரும்பியது முதுகில் தெரிந்தது. தோளில் தெரிந்தது.

"நேரா நிக்கு. ஒரு பக்கமா இழுக்கல. கடைசில கொஞ்சம் விட்டு மிதிச்சா இன்னும் மெத்துன்னு நிக்கும்" என்றார். சொல்லிவிட்டு, அது சரிதானா என்று சந்தேகம் வந்தவர்போல அவள் முகத்தைப் பார்த்தார்.

ஆடுகள் போய்விட்டன. அவள் கிளட்சைச் சீக்கிரம் விட்டதில் கார் ஒரு குதி குதித்து அணைந்துபோயிற்று. பின்னால் வந்த வேன் விடாமல் ஹாரன் அடித்தது. அவள் பதறிச் சாவியைத் தேடினாள்.

"அவன் அடிக்கட்டும்" என்றார் சுடலைமணி. "நீ மெதுவா எடு."